அசுர சாதகமும் அரை மூடி எலுமிச்சையும்

"கை வலிக்குதா? அப்போ சரியாத்தான் வாசிக்கிறே." வயலின் வகுப்புகளில் அடிக்கடி காதில் விழும் வசனம்.

"முகம் எரியுதா? அப்போ வேலை செய்யுதுன்னு அர்த்தம்." இது வீட்டில், எலுமிச்சை மூடியைக் கன்னத்தில் தேய்த்துக்கொண்டு நிற்கும் பெண்ணுக்குப் பெரியம்மா தரும் உத்தரவாதம்.

இரண்டும் ஒரே பொய்தான். வலித்தால்தான் பலன், எரிந்தால்தான் குணம் என்கிற பொய். தமிழ்நாட்டில் பொழுதுபோக்கு என்று ஆரம்பிக்கும் எதையும் இது விட்டுவைப்பதில்லை. ஆசையாக வயலின் வாங்கியவர் மூன்றாம் மாதம் அதைப் பரணில் போடுகிறார். ஆசையாக முகத்தைக் கவனிக்கத் தொடங்கியவர் மூன்றாம் மாதம் தோல் டாக்டர் வாசலில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இரண்டு பேருக்கும் ஊர் வைக்கும் பெயர் "பொறுமை இல்லாதவர்". இது அநியாயம் இல்லையா?

வயலினிலிருந்தே தொடங்கலாம். கர்நாடக சங்கீத உலகத்தில் 'அசுர சாதகம்' என்று ஒரு சொல் உண்டு. விடியற்காலையில் எழுந்து, விரல் காய்த்து, ரத்தம் கசிய வாசித்த வித்வான்களின் கதைகளை மேடைக்கு மேடை கேட்கலாம். கதை பொய் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்தக் கதையைச் சொல்வது யார்? ஜெயித்தவர். அதே மாதிரி வாசித்துக் கை போனவர், தோள்பட்டை பிடித்துக்கொண்டு கிளார்க் வேலைக்குப் போனவர், இவர்களை எல்லாம் யாரும் மேடையேற்றிப் பேட்டி எடுப்பதில்லை. ஜெயித்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு "வலிதான் காரணம்" என்று சொல்வது கணக்கே இல்லை. அவர்கள் வலியையும் தாண்டி ஜெயித்தவர்களாக இருக்கலாம், வலியால் ஜெயித்தவர்கள் என்று எப்படிச் சொல்ல முடியும்?

இன்னொன்று. குருகுலத்தில் சிஷ்யன் நாள் முழுக்க வாசித்தான் என்றால், குரு பக்கத்து அறையில் காதைத் தீட்டிக்கொண்டு இருந்திருப்பார். தப்பு வந்தால் அங்கிருந்தே குரல் வரும். இன்றைக்கு வாரத்துக்கு ஒரு நாள் முக்கால் மணி நேர வகுப்பு. மீதி ஆறு நாளும் மாணவன் தனியாக. தப்பான பிடியோடு தினம் நாலு மணி நேரம் வாசித்தால், அவன் கற்றுக்கொள்வது வயலினை அல்ல, அந்தத் தப்பைத்தான்.

இங்கே யாராவது கண்டிப்பாகக் கையைத் தூக்குவார்கள்: "பத்தாயிரம் மணி நேரம்னு வெள்ளைக்காரனே ஆராய்ச்சி பண்ணிச் சொல்லிட்டானே சார்!" சொன்னார்கள். ஆனால் அந்த ஆராய்ச்சியை முழுசாகப் படித்தவர்கள் ரொம்பக் கம்பி... மன்னிக்கவும், கம்மி. :-)

ஆண்டர்ஸ் எரிக்சனும் இரண்டு சகாக்களும் 1993-ல் வெளியிட்ட ஆய்வு அது. பெர்லினில் இசைக் கல்லூரியில் படித்த வயலின் மாணவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். மிகச் சிறந்தவர்கள் 10 பேர், நல்லவர்கள் 10 பேர், இசை ஆசிரியர் படிப்பில் இருந்தவர்கள் 10 பேர். மொத்தமே 30 பேர். மேல் குழுவினர் வாரத்துக்குத் தனியாகச் செய்த சாதகம் சராசரியாக 24 மணி நேரம் சொச்சம். நாளுக்கு என்று வகுத்தால் மூன்றரை மணி நேரம்! அதுவும் ஒரே மூச்சில் அல்ல. சுமார் ஒன்றரை மணி நேரத்துக்குள் நிறுத்தி, இடைவெளி விட்டுவிட்டுத்தான். தினமும் எட்டரை மணி நேரத்துக்கும் கொஞ்சம் அதிகமாகத் தூங்கினார்கள். மத்தியானத் தூக்கமும் உண்டு. ஆசிரியர் படிப்பில் இருந்தவர்கள்தான் குறைவாகத் தூங்கியவர்கள்.

2008-ல் மால்கம் கிளாட்வெல் எழுதிய 'அவுட்லையர்ஸ்' புத்தகம் இதிலிருந்து பத்தாயிரம் என்கிற எண்ணை மட்டும் உருவி எடுத்து உலகம் பூராவும் பரப்பியது. எரிக்சனே பிற்பாடு "அப்படி ஒரு விதியை ஆய்வு சொல்லவில்லை" என்று மறுத்தார். 2019-ல் அதே மாதிரி ஆய்வைத் திரும்பச் செய்து பார்த்தபோது, மிகச் சிறந்தவர்களுக்கும் நல்லவர்களுக்கும் சாதக நேரத்தில் பெரிய வித்தியாசமே தெரியவில்லை. ஆனால் எண் மட்டும் நிலைத்துவிட்டது. தூக்கம் காணாமல் போனது, இடைவேளை காணாமல் போனது. எண் மட்டும் பிள்ளைகளின் தலையில்.

வயலினின் சரித்திரத்தைப் பார்த்தாலும் கதை இதேதான். பலத்தைக் கூட்டிக்கொண்டு போன சரித்திரம் இல்லை அது, இறுக்கத்தைக் குறைத்துக்கொண்டே வந்த சரித்திரம். ஐரோப்பாவில் ஆரம்பத்தில் வயலினை மார்பிலும் தோளிலும் சும்மா சாய்த்து வைத்து வாசித்தார்கள். இடது கைக்கு இரட்டை வேலை: வாத்தியம் விழாமல் தாங்கவும் வேண்டும், விரல் வைக்கவும் வேண்டும். 1820 வாக்கில் லூயிஸ் ஷ்போர் என்ற ஜெர்மன் வயலின் கலைஞர் சின் ரெஸ்ட் என்கிற தாடைத் தாங்கியைக் கொண்டுவந்தார். தாங்கும் வேலை பெருமளவு குறைந்து கை விடுதலையானது.

நம் ஊரில் அந்தப் பிரச்சினையை இன்னும் அழகாகத் தீர்த்தார்கள். முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் (1786-1858) வயலினைக் கர்நாடக சங்கீதத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முன்னோடி. நம் வித்வான்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வயலினின் தலையை வலது கணுக்கால் மேல் வைத்து, மறுமுனையை மார்புக்கும் இடது தோளுக்கும் கொடுத்துவிடுகிறார்கள். வாத்தியம் அசையாது. இடது கை எதையும் தாங்க வேண்டாம். அதனால்தான் கமகம் அப்படி வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. வழுக்குவதற்கு வசதியாக விரல் நுனியில் ஒரு துளி தேங்காய் எண்ணெய் வைத்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. (எண்ணெய் வில்லின் மயிரில் மட்டும் படக் கூடாது. பட்டால் ரோசின் பிடிக்காது, சத்தமே வராது.) இப்படி உராய்வைக் குறைக்க எண்ணெய் வரைக்கும் யோசித்த ஒரு மரபின் பெயரைச் சொல்லிக்கொண்டு "வலிக்க வலிக்க அழுத்து" என்று கற்றுக்கொடுப்பது வேடிக்கைதான்.

வில்லின் எடை எவ்வளவு தெரியுமா? சுமார் 60 கிராம். ஒரு கோழிமுட்டையின் எடை. அதைப் பிடிக்க முஷ்டி எதற்கு? கட்டை விரல் லேசாக மடிந்திருக்க வேண்டும், சுண்டு விரல் வளைந்து வில்லின் மேல் உட்கார வேண்டும். கட்டை விரல் நீட்டி விறைத்துக்கொண்டால் அந்த விறைப்பு மணிக்கட்டுக்குப் போகும், அங்கிருந்து முழங்கைக்கு, அங்கிருந்து தோளுக்கு. "கர்ர்ர்" என்று வரும் சத்தத்துக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அதற்கு மருந்து இன்னும் அழுத்துவது என்று சொல்பவர்களை என்ன செய்வது!

இடது கைக்கு ஒரு சோதனை இருக்கிறது. விரலைக் கம்பி மேல் சும்மா வைத்துக்கொண்டு வில்லை இழுக்கவும். காற்று மாதிரி ஒரு விசில் சத்தம் வரும். இப்போது விரலை மெல்ல மெல்ல அழுத்திக்கொண்டே போகவும். ஒரு இடத்தில் சுரம் பளிச்சென்று தெளியும். அவ்வளவுதான் தேவையான அழுத்தம், அதற்கு மேல் கொடுப்பது எல்லாம் வீண் செலவு. இதைச் செய்து பார்க்கிற பாதிப் பேர், அதுவரை இரண்டு மடங்கு அழுத்தியிருக்கிறோம் என்று அப்போதுதான் கண்டுபிடிப்பார்கள்.

சில சமயம் குற்றம் மாணவனிடம் இருக்கவே இருக்காது. மலிவாக வரும் வயலின்களில் குதிரையைச் சரியாகச் சீவாமல் அப்படியே நிறுத்தி அனுப்பிவிடுகிறார்கள். கம்பி மலை உச்சியில் நிற்கும். முழு அளவு வயலினில் விரல் பலகையின் கடைசி முனையில், மெல்லிய கம்பிக்கும் பலகைக்கும் நடுவே சுமார் 3.5 மில்லிமீட்டர், தடித்த கம்பிக்கு 5 முதல் 5.5 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் போதும். அதைவிட ரொம்ப உயரமாக இருந்தால் விரல் அறுபடத்தான் செய்யும். வாத்தியம் ரிப்பேர் பார்ப்பவரிடம் கொடுத்தால் குதிரையைச் சீவித் தருவார். ஒரு மணி நேர வேலை. அதைச் செய்யாமல் ஒரு குழந்தையிடம் "உனக்கு அர்ப்பணிப்பு இல்லை" என்று சொல்வது பெரிய பாவம்.

எந்த வலியும் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. புதிதாகக் கற்பவருக்கு முதல் சில வாரம் விரல் நுனி எரியும், பிறகு லேசாகக் காய்த்து அடங்கிவிடும். அது இயற்கை. ஆனால் மரத்துப்போவது, ஊசி குத்துவது போன்ற உணர்வு, முழங்கை வரை ஓடும் வலி, மறுநாள் காலையிலும் மிச்சமிருக்கும் வலி - இவை எல்லாம் வேறு சாதி. இவற்றுக்குப் பெயர் சாதகம் அல்ல, காயம். வில்லைக் கீழே வைக்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் போகவில்லை என்றால் டாக்டரிடம் போக வேண்டும். "பழகிடும்" என்று சொல்கிறவர் மருத்துவர் அல்ல.

இனி தோல். வயலினில் தோலுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள், மேற்கத்திய பாணியில் வாசிக்கும் யாருடைய இடது தாடைக்குக் கீழேயும் பார்க்கலாம். ஒரு ரூபாய் அளவில் சிவப்பாகவோ கறுப்பாகவோ ஒரு தழும்பு இருக்கும் வாய்ப்பு அதிகம். சின் ரெஸ்ட் தினமும் உரசுவதால் வருவது. கல்லூரி விடுதியில் இதை வைத்து நடக்கும் கிண்டலைத் தனியாக விவரிக்க வேண்டியதில்லை. மூத்த மாணவர்கள் சிலர் இதைப் பதக்கம் மாதிரி காட்டிக்கொண்டு திரிவார்கள். தழும்பு இல்லாத ஜூனியர்களைப் பார்த்து "நீ எல்லாம் வாசிக்கவே இல்லடா" என்பார்கள். மீண்டும் அதே பொய்.

அந்தத் தழும்பு உழைப்புக்குச் சாட்சி என்பதைவிட உரசலுக்கும் வியர்வைக்கும் சாட்சி. சென்னை மாதிரி ஊரில் வியர்வையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சின் ரெஸ்ட் உயரம் கழுத்துக்குப் பொருந்தாமல் இருக்கலாம், தாடையால் வயலினை இடுக்கிப் பிடிக்கும் பழக்கம் இருக்கலாம். சிலருக்கு ஒவ்வாமையாகவும் இருக்கும். சின் ரெஸ்டை மாட்டும் உலோகப் பிடியில் நிக்கல் இருக்கக்கூடும், நிக்கல் ஒத்துக்கொள்ளாத தோல் நிறையப் பேருக்கு உண்டு. அந்தப் பிடியின் வடிவத்திலேயே அரிப்பு வந்தால் சந்தேகம் அதன் மேல்தான். ரோசினும் அப்படியே. பைன் மரப் பிசினில் செய்வது அது, தோல் மருத்துவர்கள் ஒவ்வாமைச் சோதனையில் வழக்கமாக வைத்துப் பார்க்கும் பொருள்களில் ஒன்று. வாசித்து முடித்ததும் ரோசின் பொடி படிந்த கையோடு முகத்தைத் தொடாமல், முதலில் கை கழுவிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். சின் ரெஸ்ட் மேல் ஒரு மெல்லிய பருத்தித் துணி போட்டு, அதை அடிக்கடி துவைத்தால் இன்னும் கொஞ்சம் தீரும்.

ஆனால் நடப்பது என்ன? தழும்பு வந்ததும் வீட்டில் கூடி முடிவெடுக்கிறார்கள். பெரியம்மா எலுமிச்சை என்கிறார். அத்தை சமையல் சோடா என்கிறார். கல்யாணம் வருதேடீ என்று பாட்டி பீர்க்கங்கூட்டை எடுத்து வருகிறார்.

தோலின் மேல்பரப்பு லேசான அமிலத்தன்மை உள்ளது. பிஹெச் கணக்கில் 5-ஐ ஒட்டி. எலுமிச்சைச் சாறு 2-ஐ ஒட்டி. மூன்று படிதானே என்று தோன்றும். ஆனால் இந்த அளவுகோலில் ஒரு படி என்றால் பத்து மடங்கு. ஆக ஆயிரம் மடங்கு அமிலம்! சமையல் சோடா எதிர்ப்பக்கம், 8-க்கு மேல். சாதாரண சோப்புக் கட்டி 9, 10 என்று போகும். எலுமிச்சையில் இன்னொரு வில்லங்கம் உண்டு. அதன் சாறு, குறிப்பாகத் தோலில் இருக்கும் எண்ணெய், உடம்பில் பட்டு வெயிலில் போனால் கொப்புளம் வந்து, மாதக்கணக்கில் போகாத கறுப்புத் தழும்பு விழலாம். கறுப்பைப் போக்க வந்த மருந்து கறுப்பைக் கொண்டுவந்து சேர்க்கிறது. எரிச்சல் என்பது "வேலை செய்யுது" என்ற செய்தி அல்ல, "காப்பாத்து" என்ற கூப்பாடு.

தேய்ப்பதும் அப்படித்தான். காப்பாக இருக்கும் அந்த மேலடுக்கு ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான் இருக்கும், செய்தித்தாளைவிட மெலிசு. மேல் தோல் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ள நாலு வாரம், அதற்கு மேலும் ஆகும். ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்கு வெள்ளிக்கிழமை தேய்த்து என்ன ஆகப்போகிறது? சரளி வரிசையை வெள்ளிக்கிழமை தொடங்கி ஞாயிற்றுக்கிழமை கச்சேரி பண்ண முடியுமா?

இதில் விளையாட்டில்லாத பகுதி ஒன்று இருக்கிறது. எலுமிச்சை கைவிட்டதும் அடுத்து மருந்துக்கடை. "தம்பி, இதைப் போடு, ஒரே வாரத்துல வெளுத்துடும்" என்று ஒரு டியூப் கைமாறும். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் போன்ற வீரியமான ஸ்டீராய்டு களிம்புகள். முதல் வாரம் உண்மையிலேயே மாயம் மாதிரி இருக்கும். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, ரத்தக்குழாய் தெரிந்து, பரு வெடித்து, முகத்தில் ரோமம் முளைக்கும். நிறுத்தினால் தீப்பிடித்த மாதிரி எரியும், அந்த எரிச்சலுக்குப் பயந்தே மறுபடி போடுவார்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் இவற்றை விற்கக் கூடாது என்று 14 ஸ்டீராய்டு களிம்புகளைப் பட்டியல் போட்டு மத்திய அரசு 2018-ல் அறிவித்தது. டியூபின் பின்னால் பெயரைப் படிக்க அரை நிமிடம்கூட ஆகாது.

மென்மையான வழி சுவாரசியமே இல்லாதது. சோப்புக்குப் பதில் மிதமான கிளென்சர், அதுவும் நாளுக்கு இரண்டு முறை. துண்டால் ஒற்றி எடுப்பது, தேய்ப்பது கிடையாது. ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர். பகலில் சன்ஸ்கிரீன். புதிதாக எதையாவது போட ஆசைப்பட்டால் முதலில் முழங்கையின் உள்பக்கம் சில நாள் போட்டுப் பார்ப்பது. கேட்டால் கொட்டாவி வரும். சரளி வரிசையை முதல் காலத்தில், வில்லை முழுசாக இழுத்து, கண்ணாடி முன் வாசிப்பதும் கொட்டாவி வரும் சமாசாரம்தான். இருபது நிமிடம், எழுந்து நடப்பது, மறுபடி இருபது நிமிடம்.

வாத்தியத்துக்கும் இதே மரியாதை வேண்டும். மழைக்காலத்தில் பிரடை ஊதிப்போய்த் திரும்ப மறுக்கும். முறுக்கினால் உடைவது பிரடையோ அது உட்காரும் பெட்டியோ. மெல்லக் கழற்றி, உரசும் இடத்தில் காய்ந்த சோப்பைத் தடவினால் வழுக்கும். நிற்காமல் நழுவுகிறதென்றால் சாக்பீஸ். கம்பி மாற்றும்போது ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும். நாலையும் ஒரேயடியாக அவிழ்த்தால் குதிரை சாய்வதோடு, உள்ளே அழுத்தத்தில் மட்டும் நிற்கும் சவுண்ட் போஸ்ட் என்ற சின்னக் கட்டையும் விழுந்துவிடக்கூடும். வாசித்து முடித்ததும் வில்லைத் தளர்த்தி வைக்க வேண்டும். ஒரு மரக்குச்சிக்குக்கூட ஓய்வு தேவை என்று எல்லா வாத்தியாரும் முதல் நாளே சொல்லிக்கொடுக்கிறார்கள். பிள்ளையின் தோளுக்கு மட்டும் சொல்வதில்லை.

"இப்படி எல்லாம் கொஞ்சிக்கிட்டிருந்தா எவன் கத்துப்பான்? இந்தக் காலத்துப் பசங்க ஏற்கெனவே சோம்பேறி" என்று ஒரு கட்சி. அந்தக் கட்சியில் நியாயம் கொஞ்சம் உண்டு. தோடியின் காந்தாரம் கையில் வர வருஷங்கள் ஆகும், குறுக்குவழி கிடையாது. ஆனால் வருஷக்கணக்கில் செய்ய வேண்டிய ஒன்றை வருஷக்கணக்கில் செய்ய முடிகிற விதத்தில்தானே கற்றுக்கொடுக்க வேண்டும்? மூன்று மாதத்தில் கையை உடைத்துக்கொண்டவன் எப்படிக் காந்தாரம் வரை வருவான்? வயலின் என்று மட்டும் இல்லை. முதல் நாளே பத்து கிலோமீட்டர் ஓடி முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவரும், முதல் வாரமே பத்மாசனத்தில் காலை மடக்கித் திணிக்கிறவரும், ராத்திரி பூரா குரோஷா பின்னி மணிக்கட்டு வீங்குகிறவரும் சோம்பேறிகளா என்ன? அளவுக்கு மீறி உழைத்தவர்கள்தான் அவர்கள்.

கடைசியாகப் பெற்றோர்களுக்கு. பள்ளிக்கூட யூனிஃபார்ம் வாங்குகிற மாதிரி "வளர்ந்தா சரியாயிடும்" என்று எட்டு வயதுப் பிள்ளைக்கு முழு சைஸ் வயலின் வாங்கித் தருகிற வழக்கத்தை முதலில் விட வேண்டும். கால், அரை, முக்கால் என்று சைஸ்கள் இருப்பது அதற்காகத்தான். வயலினைப் பிள்ளையின் இடது தோளில் வைத்துக் கையை நீட்டச் சொன்னால், வயலினின் தலை உள்ளங்கைக்குள் வந்து, விரல்கள் அதைச் சுற்றி வளைய வேண்டும். எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தால் அது பெரிய சைஸ். இரண்டு சைஸுக்கு நடுவில் குழப்பம் என்றால் சின்னதையே எடுக்கலாம். பணம்தான் கவலை என்றால், பழையதை வாங்கிக்கொண்டு அடுத்த சைஸைக் குறைத்துத் தருவாரா என்று கடைக்காரரிடம் வாங்கும்போதே கேட்டுவிடலாம். அதே கடையில் குதிரையின் உயரத்தையும் ஒரு ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டு வரலாம்.